காய்ச்சல் விட்ட பின் நடப்பது எப்படி: வளவிலிருந்து கண்மாய்க்கரை வரை

காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள்கள் ஆகியிருக்கும். தெர்மாமீட்டரில் சூடு இல்லை, மாத்திரையும் முடிந்துவிட்டது. ஆனாலும் குளித்துவிட்டு வந்து துண்டை உதறிப் போடுவதற்குள் எங்காவது உட்கார்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாக்கில் கசப்பு, காலில் கனம், எதைப் பார்த்தாலும் ஒரு சலிப்பு. இந்த நிலையில் இருப்பவருக்கு நம் வீடுகளில் இரண்டு விதமான யோசனை கிடைக்கும். பாதிப் பேர் "அசையாமல் படுத்திரு" என்பார்கள். மீதிப் பேர் "படுத்தே கிடந்தால் உடம்பு தேறுமா, காலாற நாலு எட்டு நடந்துவிட்டு வா" என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. எந்த நாளில் எது பொருந்தும், நடப்பதென்றால் எங்கே நடப்பது, எவ்வளவு நடப்பது, எந்த இடத்தில் திரும்புவது என்பதைச் செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநி வரை நடந்தே போகிற வழக்கம் உள்ள பகுதி இது. ஆகையால் நடை என்றதும் இங்கே பேச்சு தூரத்துக்குப் போய்விடுகிறது. குன்றக்குடி வரை நடந்தேன், பிள்ளையார்பட்டி வரை நடந்தேன் என்று சொல்வதில் ஒரு பெருமையும் இருக்கிறது. உடல் தேறும் நாள்களில் அந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட வேண்டும். அந்த நாள்களில் நடந்த நடை சரியான அளவா என்பதை நடக்கும்போது அறிய முடியாது, மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்போதுதான் தெரியும். இதன் பிறகு நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

நடக்கக் கூடாதவர்கள் யார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சூடு இருக்கும்போது நடை வேண்டாம். சூட்டைக் குறைக்கும் மாத்திரை எதுவும் போடாமலேயே ஒரு முழு நாள் சூடு இல்லாமல் கழிந்த பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். வைரஸ் காய்ச்சலின்போது உடலை வருத்தினால் இதயத் தசையில் அழற்சி ஏற்படும் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவர்கள் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறார்கள். வெறும் மூக்கொழுகலும் தும்மலும் லேசான தொண்டைக் கரகரப்பும் மட்டும் இருந்தால், அதாவது தொல்லை கழுத்துக்கு மேலேயே நின்றால், மெதுவாக நடப்பதில் தவறில்லை. நெஞ்சில் சளி, மூச்சுத் திணறல், உடம்பு முழுக்க வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் படுக்கைதான் சரி.

டெங்குவுக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது, ஏனென்றால் அது ஏமாற்றும் நோய். நோய் தொடங்கி மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் "விட்டுவிட்டது" என்று நிம்மதியடையும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் உண்மையில் ஆபத்தான நேரம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அது நடைக்கான நேரம் இல்லை, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம். இதய நோய் உள்ளவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களும் எப்போது தொடங்கலாம் என்று தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் ஏன் நடக்க வேண்டும் என்று கேட்கலாம். படுக்கை தரும் ஓய்வுக்கு ஒரு விலை இருக்கிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் 10 நாள்கள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்திருந்தது. நிற்கும்போது ரத்தம் காலில் தேங்காமல் மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசையின் வேலை. அது சோம்பிப்போனால்தான் சட்டென்று எழும்போது கண் இருட்டுகிறது. நான்கு சுவருக்குள் இரவும் பகலும் ஒரே மங்கல் வெளிச்சத்தில் கிடந்தால் தூக்கமும் முறை தவறிவிடும். காலை வெயிலைக் கண் காணும்போது அது மெல்ல ஒழுங்குக்கு வரும்.

திறந்த வெளிக்கும் பச்சைக்கும் இதில் தனிப் பங்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது என்றே நினைக்கிறேன். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்து, சன்னல் வழியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்தவர்களையும் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த படுக்கையில் இருந்தவர்களையும் இணை இணையாக ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. முக்கால் நாள் என்பது பெரிய அதிசயம் இல்லை. மரத்தடியில் நின்றால் நோய் பறந்துவிடும் என்று இதை வைத்துச் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததற்கே அவ்வளவு கிடைத்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

நடையை வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். பழைய செட்டிநாட்டு வீடு இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கண் இருட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு எழுந்து, வளவைச் (நடுவில் உள்ள திறந்த முற்றத்தைச்) சுற்றியுள்ள தாழ்வாரத்தில் தூண்களைத் தொட்டுக்கொண்டே இரண்டு சுற்று வாருங்கள். தலைக்கு மேல் வானம் தெரிகிறது, காற்று வருகிறது, தள்ளாடினால் பிடித்துக்கொள்ளத் தூண் இருக்கிறது, கூப்பிட்டால் ஆள் இருக்கிறது. இதைவிடப் பாதுகாப்பான நடைபாதை எந்த மருத்துவமனையிலும் கிடையாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இருந்தால் வழுக்கும் என்பதால், கழுவிவிட்ட உடனே நடக்காதீர்கள். மறுநாள் முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு நடை. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இங்கே நிறைய உண்டு, அப்படிப்பட்ட வீட்டில் போய்த் திரும்பினாலே முதல் இரண்டு நாளுக்குப் போதுமானது. சின்ன வீட்டிலும் மாடி வீட்டிலும் இருப்பவர்கள் இதையே தெருவில், நான்கு வீடு தள்ளிப் போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளலாம்.

வெளியே போகும் நாள் வந்ததும் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மூட்டுகளைப் பிடித்துக்கொண்ட ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டு, விட்ட மூன்றாம் நாள் காலையில் உடம்பு பஞ்சுபோல் இருக்கிறதே என்று நேரே ஊர் ஏரியான கண்மாய்க்குக் கிளம்பினேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. மடையைத் தாண்டினேன், மிகைநீர் வழியும் கல்கட்டான கலுங்கு வரை போய்விட்டால் என்ன என்று தோன்றியது, போயும் விட்டேன். கலுங்குக் கல்லில் உட்கார்ந்து பத்து நிமிடம் தண்ணீரைப் பார்த்துவிட்டு எழுந்தபோது இரண்டு முழங்காலும் என் சொல்லைக் கேட்கவில்லை. வந்த வழி முழுக்கக் கரை. கரையில் நிழல் இல்லை, பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை, இடையில் இறங்கிக்கொள்ள வழியும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த பால்காரத் தம்பி, "என்னண்ணே, மொகம் வெளுத்துக் கெடக்கு, ஏறுங்க" என்று வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டுப் போனார். அடுத்த ஐந்து நாள் மறுபடியும் படுக்கை. எதிர்வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "போற காலு வேற, திரும்புற காலு வேறப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் கண்மாய்க்கு முன்னால் ஊர்க்குளமான ஊருணி என்கிறேன். கண்மாய்க்கரையில் போகப்போக வீடு விலகிக்கொண்டே இருக்கும். ஊருணியைச் சுற்றி நடந்தால் எந்த இடத்தில் நின்றாலும் கிளம்பிய இடம் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பக்கமாகப் போனாலும் அது வந்துவிடும். பெரும்பாலான ஊருணிகளுக்குப் படித்துறையும் சுற்றுச்சுவரும் இருப்பதால் உட்கார இடம் கிடைக்கும். குடிநீருக்கென்று காத்துவரும் ஊருணிகளில் யாராவது தண்ணீர் எடுக்க வந்தபடி இருப்பார்கள், மயக்கம் வந்தாலும் தனியாகக் கிடக்க நேராது. கரையில் ஓர் ஆலமரமோ அரசமரமோ இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும். செருப்போடு படியில் இறங்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு இருக்குமிடத்தில் மேலேயே நடந்துவிட்டு மேலேயே உட்காருங்கள்.

முதல் வெளிநடை 10 நிமிடம், அதாவது போக 5, வர 5. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்தாவது நிமிடத்தில் திரும்புங்கள். இன்னும் போகலாம்போல் இருக்கிறது என்று தோன்றும்போதே திரும்புவதுதான் இதில் கடினமான பகுதி, பயனும் அதில்தான் இருக்கிறது. களைத்த பின் திரும்பினால் பாதித் தூரம் இன்னும் பாக்கி இருக்கும். வேகத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். உடன் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். சொல் துண்டு துண்டாக வந்தால் நின்றுவிடுங்கள். முதல் சில நாள்களுக்கு ஒருவர் உடன் வருவது நல்லது. ஆனால் கடனையும் கல்யாணத்தையும் பேசிக்கொண்டு வருகிற ஆளாக இருந்தால் அவரை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசியில் 6 மணிக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும். 7 மணிக்குள் வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். இந்தச் செம்மண் சீக்கிரம் சூடேறும். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட இடைவெளியில் நடக்கலாம், ஆனால் வண்டித்தடத்தில் களி மண் வழுக்கும். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். மார்கழியில் விடியற்காலைப் பனியில் நெஞ்சுச் சளிக்காரர்கள் போக வேண்டியதில்லை, பனி விலகி 7 மணிக்கு மேல் போனால் போதும். மாலை நடையை நான் இரண்டாம் பட்சமாகவே வைக்கிறேன். அந்தியில் கொசு கிளம்பும், பாம்பும் கிளம்பும். இந்த வறண்ட செம்மண் காட்டில் சுருட்டை விரியன் மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் பகலிலேயே எளிதில் கண்ணுக்குப் படாது.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்குத் துண்டு, அவசர எண் 108ஐ அழைக்கச் சார்ஜ் உள்ள கைப்பேசி, கையில் ஒரு கம்பு. கம்பு ஊன்றிக்கொள்ளவும் ஆகும், தெரு நாய்க்குக் காட்டவும் ஆகும், புல்லைத் தட்டிக்கொண்டு போகவும் ஆகும். காலுக்குப் பின்பக்கம் வார் வைத்த செருப்போ கான்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலுக்குள் வரும், நெருஞ்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளட்டும். காதில் மாட்டிக்கொள்ளும் கருவிகளை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

அதற்குக் காரணம் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. நோயில் கிடந்தவரின் கவனம் முழுவதும் தன் உடம்பின் மீதே குவிந்திருக்கும். தலை வலிக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று நாள் முழுக்கத் தன்னையே உற்றுப் பார்த்துப் பார்த்து மனம் அலுத்திருக்கும். கைப்பேசியில் ஓடும் படங்கள் அந்தக் கவனத்தைப் பிடுங்கிக்கொள்கின்றனவே தவிர அதற்கு ஓய்வு தருவதில்லை. ஊருணிக்கரையில் இருக்கும் காட்சி யாரையும் வற்புறுத்துவதில்லை. படியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள்: செம்மண் கரைந்து தேநீர் நிறத்தில் நிற்கும் தண்ணீரின் மேல் ஒரு வேப்பம்பழம் விழுந்தால் வட்டம் பரவி எதிர்ப்படிக்குப் போய்ச் சேரும் முன் அடுத்தது விழுகிறது, தலைப்பிரட்டைக் கூட்டம் கடைசிப் படியின் பாசியை விட்டு ஒரே நேரத்தில் விலகி, ஒன்றும் நடக்காததுபோல் ஒரே நேரத்தில் திரும்பி வருகிறது, சுவரில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பாயாமலேயே பறந்துபோகிறது. எதையும் பெயர் சொல்லி அறிய வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். எழுந்திருக்கும்போது, கடந்த ஐந்து நிமிடமாகத் தலைவலியை நினைக்கவில்லை என்பது தெரியவரும்.

வீடு திரும்பியதும் உடனே படுக்காமல் திண்ணையில் சற்று நேரம் உட்காருங்கள். கால் கழுவி, முள் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாதத்தைத் தடவிப் பாருங்கள். வியர்த்திருந்தால் உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ குடிக்கலாம்; வயிற்றுப்போக்கில் நீர் இழந்து தேறி வருபவர்கள் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் மிளகு ரசமும் பருப்புத் துவையலும் தயாராக இருந்தால், இரண்டு வாரமாகக் கசந்த நாக்கு முதல்முறையாக அதைக் கேட்டு வாங்கும். நடையால் எனக்குக் கிடைத்த முதல் பலன் இந்தப் பசிதான். காலில் வலு வந்தது அதற்கு வெகு நாள் கழித்து.

இனி கணக்கு. பேரேடு எழுதியே கடல் கடந்து வணிகம் செய்தவர்களின் ஊரில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை: ஒரு பழைய நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, எத்தனை நிமிடம் நடந்தேன், எது வரை போனேன். இரண்டாம் வரியை மறுநாள் காலையில் எழுத வேண்டும்: நேற்றைவிட எழுந்திருப்பது எளிதாக இருந்ததா, அதே அளவா, கடினமா. எளிது என்றோ அதே அளவு என்றோ தொடர்ந்து இரண்டு காலை வந்தால் 5 நிமிடம் கூட்டலாம். கடினம் என்று வந்தால் அன்று நடை இல்லை, அடுத்த நாள் முந்தைய அளவில் பாதி. வைரஸ் நோய்களுக்குப் பின் சிலருக்குச் சோர்வு அன்றே தெரியாமல் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மொத்தமாக வந்து விழும். இந்த ஏடு இல்லாவிட்டால் அந்தச் சோர்வுக்கும் முந்தாநாள் நடைக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாது. நடை கூடக் கூட மீண்டும் மீண்டும் இப்படியே விழுகிறதென்றால், மனவுறுதியைக் காட்டி இன்னும் நடப்பது அந்த உடம்புக்குத் தீங்கு. அந்த ஏட்டையே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நடக்கும்போது நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தாலோ, ஓய்வாக இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் 94 சதவீதத்துக்குக் கீழ் காட்டினாலோ ஏட்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

30 நிமிடத்தை எட்டிய பிறகு ஊருணியை விட்டு வெளியே போகலாம். பெரிய கண்மாய்க்கரையில் தொடங்காமல், ஊர் எல்லையில் ஐயனார் கோயிலுக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் பெரும்பாலும் மரம் இருக்கும், முடிவில் உட்கார ஒரு திட்டும் சுடுமண் குதிரைகளின் நிழலும் இருக்கும். தைல மரத் தோப்பைப் பார்த்து நிழல் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் இலை தொங்கிக்கொண்டிருப்பதால் வெயில் சல்லடையாக இறங்கும். குன்றக்குடி மலைப்படியும் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டியதே, ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் நடுங்கும்.

இன்னும் தூரமாக நடக்க முடியாதவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் என்றால், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு அருகில் இருக்கும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு யாரையாவது வண்டியில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. கரையில் சிறிது தூரம் நடந்து, உட்கார்ந்து, பார்த்துவிட்டு வண்டியிலேயே திரும்பலாம். அன்றைய ஏட்டில் வண்டியில் போன தூரத்தை எழுத வேண்டாம்.

கலுங்கு வரை மறுபடியும் நான் நடந்தது ஏழாவது வாரத்தில். அந்தக் கல்லில் உட்காரவில்லை, கையால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் காலை ஏட்டில் "அதே அளவு" என்று எழுதினேன்.